கூட்டத்தில் இல்லாதவருக்கும் புரியும் பலகை: தொலைவிலிருந்து சேர்ந்து வேலை செய்யும் குழுக்களுக்கு

எங்கள் குழுவில் ஆறு பேர் இருக்கிறோம். சேலம் ஃபேர்லாண்ட்ஸில் இருவர், செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர், கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் ஒவ்வொருவர், ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒருவர். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றை உருவாக்குவது எங்கள் வேலை. ஆறு பேரும் ஓர் அறையில் கூடுவது மாதத்துக்கு ஒருமுறை வாய்த்தாலே பெரிது என்பதால், பேசி முடிவெடுக்க வேண்டியவற்றையெல்லாம், இணையம் வழியே பலர் ஒரே நேரத்தில் எழுதவும் வரையவும் இடம் தரும் டிஜிட்டல் வெண்பலகையில்தான் வைத்துக்கொள்கிறோம். தொடக்கத்தில் அது எங்களுக்குச் சரிவரவில்லை. எங்கே பிசகினோம், எதை மாற்றிய பிறகு வேலை நடக்கத் தொடங்கியது என்பதை, இதே நிலையில் உள்ள பிற குழுக்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் விரிவாக எழுதுகிறேன்.

முதல் கூட்டத்தில் வெற்றுப் பலகை ஒன்றைத் திறந்துவைத்து, நானே பேசிக்கொண்டும் கட்டங்களையும் அம்புக்குறிகளையும் வரைந்துகொண்டும் போனேன். மற்ற ஐவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபதாவது நிமிடத்தில் ஏற்காட்டில் கோடை மழை பிடித்து மின்சாரம் நின்றுவிட, அங்கிருந்த தோழி இணைப்பிலிருந்து விடுபட்டுப் போனார். மறுநாள் காலையில் அவர் பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணா, படமெல்லாம் அழகா இருக்குங்க. ஆனா நேத்து என்ன முடிவு பண்ணீங்கன்னு இதைப் பார்த்து எனக்குத் தெரியலைங்க” என்று செய்தி அனுப்பினார். அவர் சொன்னது உண்மை. ஓர் அம்புக்குறி எதைக் குறிக்கிறது என்பது, வரைந்த எனக்கே இரண்டு நாளில் மறந்துபோயிருந்தது. அன்றிலிருந்து எங்கள் பலகைக்கு ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டோம்: கூட்டத்தில் இல்லாத ஒருவர், யாரிடமும் கேட்காமல், மறுநாள் திறந்து படித்தால் அவருக்கு விளங்க வேண்டும். கீழே சொல்லும் முறைகள் யாவும் அதிலிருந்தே பிறந்தவை.

எந்தப் பலகை

எந்த மென்பொருள் சிறந்தது என்ற ஆராய்ச்சியில் நாள்களைக் கழிக்கத் தேவையில்லை. சிறு குழு, செலவில்லாமல் இன்றே தொடங்க வேண்டும் என்றால் எக்ஸ்காலிட்ரா போதும். 2020இல் வெளிவந்த இந்தத் திறமூல மென்பொருளைக் கணக்கு எதுவும் தொடங்காமல் உலாவியில் திறந்து வரையலாம். இணைப்பை அனுப்பினால் மற்றவர்களும் அதே பலகையில் சேர்ந்துகொள்வார்கள். பலகையில் உள்ளவை மறைகுறியாக்கப்பட்டே பயணிக்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவி அந்த இணைப்பின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. உலாவி அந்தப் பகுதியை வழங்கிக்கு (சர்வருக்கு) அனுப்புவதில்லை என்பதால், வழங்கியை நடத்துபவர்களுக்கும் உள்ளடக்கம் தெரியாது. இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. இணைப்பு யார் கைக்குப் போகிறதோ அவர் கைக்குச் சாவியும் சேர்ந்தே போகிறது. வரைந்தவை நம்முடைய உலாவியின் சேமிப்பிலேயே தங்குவதால், அந்தச் சேமிப்பைத் துடைத்தால் படமும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் அதைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்வது கட்டாயம்.

மிரோ 2011இல் ரியல்டைம்போர்டு என்ற பெயரில் தொடங்கி, 2019இல் இப்போதைய பெயருக்கு மாறியது. வாக்கெடுப்பு, டைமர், ஆயத்த வார்ப்புருக்கள் என்று வசதிகள் நிறைந்தது. இலவசக் கணக்கில் மூன்று பலகைகளை மட்டுமே திருத்த முடியும் என்பதை முன்கூட்டியே நினைவில் கொள்ள வேண்டும். வடிவமைப்பாளர்கள் ஏற்கெனவே ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்கிறார்கள் என்றால், அதே நிறுவனம் 2021இல் கொண்டுவந்த ஃபிக்ஜாம் அவர்களுக்குப் பழகிய வீடுபோல இருக்கும். அலுவலகம் மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் இயங்குகிறது என்றால், அதனுடன் வரும் ஒயிட்போர்டைப் பயன்படுத்தலாம். அதில் ஒரு பலகை, அதைத் தொடங்கியவரின் ஒன்டிரைவ் கணக்கில் சேமிக்கப்படுகிறது. எனவே பயிற்சிக்கு வந்து சில மாதங்களில் போய்விடக்கூடியவர் கணக்கில் முக்கியமான பலகையைத் தொடங்கக் கூடாது.

கூகுள் நிறுவனம் பல பள்ளிகளும் அலுவலகங்களும் பழகியிருந்த ஜாம்போர்டு என்ற பலகைச் சேவையை 2024 டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டது. எந்தப் பலகையும் ஒருநாள் மூடப்படலாம் என்று எண்ணியே வேலையைத் தொடங்குவது நல்லது.

கூட்டத்துக்கு முன்

ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு அரை மணி நேரம் ஆயத்தம் செய்வதை நான் இப்போது வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். வெற்றுப் பலகையைப் பார்க்கிறவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை; அதிலும் எல்லையில்லாமல் நான்கு பக்கமும் விரியும் பலகையில், ஒருவர் ஒரு மூலையிலும் இன்னொருவர் வேறொரு மூலையிலும் எழுதிவிட்டு, ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பலகையின் மேல் இடது மூலையில், இன்று பதில் காண வேண்டிய கேள்வியை முழு வாக்கியமாக எழுத வேண்டும். “பட்டறைக் கணக்கு” என்று தலைப்பு மட்டும் எழுதினால் போதாது. “ஒரு ஜோடி கொலுசு பட்டறையில் கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் எடையை யார், எப்போது எழுதுகிறார்?” என்று எழுதினால்தான், எல்லோரும் எழுதி ஒட்டும் குறிப்புச் சீட்டுகள் அந்தக் கேள்வியைச் சுற்றி வரும். அதன் கீழே தேதி, கலந்துகொள்வோர், முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவது விடுபட்டால், கூட்டம் முடிந்த பிறகும் பேச்சு முடியாது.

அடுத்து, ஃபிரேம் எனப்படும் சட்டகங்களை இடமிருந்து வலமாக வரிசையாக அமைத்து, 1, 2, 3 என்று எண்ணிட வேண்டும். எங்கள் பலகையில் ஆர்டர் எடுத்தல், வெள்ளியை உருக்குதல், கம்பி இழுத்தல், சங்கிலி பின்னுதல், பற்றவைத்தல், சலங்கை கோத்தல், மெருகேற்றுதல், ஒப்படைத்தல் என்று எட்டுச் சட்டகங்கள் இருந்தன. சேலத்துக் கொலுசுத் தொழிலில் இவற்றுள் பல வேலைகள் வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு கைகளால் நடப்பவை; எனவே ஒவ்வொரு சட்டகமும் உண்மையான ஓர் இடமாகவே எங்களுக்கு ஆயிற்று. சட்டகங்களின் கோடுகளையும் தலைப்புகளையும் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் யாரோ ஒருவர் சீட்டை நகர்த்த முயன்று முழுச் சட்டகத்தையும் இழுத்துக்கொண்டு போவார். இது நிச்சயம் நடக்கும்.

ஸ்டிக்கி நோட் என்று பல மென்பொருள்களில் பெயர் பெற்றிருக்கும் குறிப்புச் சீட்டுக்கு நிறம் கொடுப்பதில் பலர் ஆளுக்கொரு நிறம் என்று பிரிக்கிறார்கள். அது எனக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. யார் எழுதினார் என்பதைவிட, எழுதியது என்ன வகை என்பதே மறுநாள் படிப்பவருக்குத் தேவை. அறிந்த தகவலுக்கு மஞ்சள், கேள்விக்கு நீலம், முடிவுக்குப் பச்சை என்று மூன்றே நிறங்கள் வைத்துக்கொள்கிறோம். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களும் இருப்பார்கள் என்பதால், சீட்டின் தொடக்கத்தில் “கேள்வி:”, “முடிவு:” என்று சொல்லாகவும் எழுதிவிடுகிறோம். ஒவ்வொரு சட்டகத்திலும் மாதிரிச் சீட்டு ஒன்றை முன்கூட்டியே எழுதி ஒட்டிவைத்தால், எவ்வளவு நீளம், எந்த நடை என்பது எல்லோருக்கும் சொல்லாமலே விளங்கும்.

முதன்முறையாகப் பலகையைத் தொடுபவர்களுக்கு ஓரத்தில் ஒரு பயிற்சிச் சட்டகம் ஒதுக்கி, முந்தின நாளே இணைப்பை அனுப்பி, “உங்கள் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடவுச்சொல் மறந்தவர், பழைய உலாவி வைத்திருப்பவர், அனுமதி கிடைக்காதவர் ஆகியோரின் சிக்கல்கள் எல்லாம் முந்தின நாளே தெரிந்துவிடும்.

தமிழில் எழுதும்போது

தொழில் தமிழில் நடக்கும்போது பலகையும் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். “சேதாரம்” என்ற சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதியபோது, எங்களுக்குள்ளேயே இருவர் இரு வேறு பொருளில் புரிந்துகொண்டார்கள். தமிழில் எழுதிய பிறகு அந்தக் குழப்பம் வரவில்லை.

நடைமுறையில் சில இடையூறுகள் உண்டு. பலகைகளில் சீட்டு, அம்புக்குறி, எழுத்து ஆகியவற்றுக்கு ஓர் ஆங்கில எழுத்து விசையைக் குறுக்குவழியாக வைத்திருப்பார்கள். தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது அந்த விசைகள் சில மென்பொருள்களில் வேலை செய்வதில்லை. எக்ஸ்காலிட்ராவில் எண் விசைகளும் இருப்பது இதற்கு நல்ல துணை: 2 அழுத்தினால் கட்டம், 5 அழுத்தினால் அம்புக்குறி, 8 அழுத்தினால் எழுத்து. அதன் கையெழுத்துப் போன்ற எழுத்துரு தமிழுக்கு வராது, சாதாரண எழுத்துருவில்தான் தமிழ் தோன்றும். படிப்பதற்கு அதனால் குறையில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் சில மென்பொருள்களில் சீட்டு நிரம்ப நிரம்ப எழுத்து தானாகச் சிறுத்துக்கொண்டே போகும். ஒரு சீட்டில் ஒரு கருத்து, பன்னிரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தோம். தட்டச்சு பழகாதவர்கள் கைப்பேசியின் விசைப்பலகையில் உள்ள குரல் உள்ளீட்டைப் பயன்படுத்தலாம்.

முதலில் எழுத்து, பிறகு பேச்சு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு முறையைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வியை வாசித்துக் காட்டிய உடனே பேசத் தொடங்காமல், எட்டு நிமிடத்துக்கு டைமர் வைத்து, எல்லோரும் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, தமக்குத் தெரிந்ததைச் சீட்டுகளில் எழுத வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் தம் முறைக்குக் காத்திருக்கிறார். காத்திருக்கும்போது சொல்ல வந்தது மறக்கிறது, அல்லது சொல்லத் தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது. மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில், கூடிப் பேசும் குழுக்களில் யோசனைகள் குறைவதற்கு இந்தக் காத்திருப்பே முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். ஓர் அறையில் கூடிப் பேசும்போதே அப்படியென்றால், இணைப்பு விட்டு விட்டு வரும் தொலைபேசிக் கூட்டத்தில் சொல்லவே வேண்டாம். பலகை இருந்தும் பேச்சையே முதலில் வைப்பவர்கள், பலகை தரும் மிகப் பெரிய நன்மையைக் கைவிடுகிறார்கள்.

எழுதி முடித்த பிறகு சீட்டுகளைத் தொகுக்க வேண்டும். இதற்கு நாங்கள் பின்பற்றுவது ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவகிதா வகுத்த முறை. அவருடைய பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு கேஜே முறை என்று அழைக்கப்படுகிறது. அவர் தாள் அட்டைகளில் செய்ததைத்தான் நாம் திரையில் செய்கிறோம். எல்லாச் சீட்டுகளையும் பரப்பி வைத்து, ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தோன்றுபவற்றை அருகருகே நகர்த்துகிறோம். தொகுதி உருவான பிறகே அதற்குப் பெயர் வைக்கிறோம். பெயரை முன்னதாக எழுதி வைத்துவிட்டுச் சீட்டுகளை அதற்குள் திணிப்பது எளிது. ஆனால் நாம் எதிர்பார்க்காத தொகுதி எதுவும் அப்போது உருவாகாது. எந்தத் தொகுதியிலும் சேராமல் தனியே நிற்கும் சீட்டை அப்படியே விட்டுவிடுங்கள். பல நேரம் அதுதான் அடுத்த கூட்டத்தின் கேள்வி.

எங்கள் இரண்டாவது கூட்டத்தில் எட்டு நிமிடத்தில் 31 சீட்டுகள் வந்தன. முதல் கூட்டத்தில் வாயே திறக்காத இளைஞர் ஒருவர் மட்டும் ஒன்பது எழுதியிருந்தார். பற்றவைத்தல் சட்டகத்தில் இருவர் தனித்தனியே எழுதிய சீட்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, ஒரே சேதாரத்தை எங்கள் மென்பொருள் இரண்டு இடங்களில் கழித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. பேச்சில் அது மாதக்கணக்கில் யாருக்கும் தட்டுப்படவில்லை.

அடுத்தவர் சீட்டைத் திருத்தக் கூடாது என்பதைக் குழுவில் விதியாகவே வைத்துவிடுங்கள். உடன்பாடில்லை என்றால் பக்கத்தில் இன்னொரு சீட்டு ஒட்ட வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள். ஒரே சீட்டின் எழுத்தை இருவர் ஒரே நேரத்தில் மாற்றினால், ஒருவர் மாற்றியதை மற்றொருவர் மாற்றியது அழித்துவிடக்கூடும். அதைவிட முக்கியமாக, மாற்றுக் கருத்து பலகையில் நின்றால்தான் இல்லாதவருக்கும் அது தெரியும். எதை முதலில் செய்வது என்ற தேர்வுக்கு மட்டும் ஆளுக்கு மூன்று வாக்குகள் கொடுத்து, எல்லோரும் வாக்களித்து முடித்த பிறகே முடிவைக் காட்டுகிறோம். மூத்தவர் எதற்கு வாக்களித்தார் என்று பார்த்து வாக்களிக்கும் பழக்கம் நம்மிடையே அதிகம்.

இணைப்பு மெலிந்த இடத்தில்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காப்பித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே இருக்கும் வீடுகளில், மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அங்கிருந்து வேலை செய்பவரைக் கருத்தில் வைத்தே குழுவின் ஒழுங்கை அமைக்க வேண்டும்.

திரையைப் பகிரும்போது திரை முழுவதும் காணொளியாகப் பயணிக்கிறது. பலகையில் அப்படியில்லை, இந்தச் சீட்டு இங்கிருந்து அங்கே நகர்ந்தது, இந்தச் சொல் சேர்ந்தது என்ற மாற்றம் மட்டும் சில வரி எழுத்தாகப் போகிறது. ஆகவே ஒருவர் பலகையைத் திரையில் பகிர்ந்து மற்றவர்கள் பார்ப்பதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தம் உலாவியில் பலகையைத் திறந்துகொள்ள வேண்டும். முகம் காட்டும் காணொளியை அணைத்துவிட்டு, குரலைச் சாதாரணக் கைப்பேசி அழைப்பில் வைத்துக்கொண்டால், ஓரளவு மெலிந்த இணைப்பிலும் வேலை நடக்கும். இதைக் கெடுப்பது புகைப்படங்கள்தான். கைப்பேசியில் எடுத்த கொலுசுப் படங்களை அப்படியே பலகையில் போட்டால், ஒவ்வொன்றும் பல மெகாபைட் இருக்கும். பலகை திறப்பதற்கே நிமிடக்கணக்கில் ஆகும். வாட்ஸாப்பில் ஒருமுறை அனுப்பி இறக்கிய படம் அளவு சுருங்கியிருக்கும். அதைப் போட்டால் போதுமானது.

கைப்பேசியில் பலகையைப் பார்ப்பது எளிது, எழுதுவது கடினம். எங்களுக்கு ஆலோசனை சொல்லும் பட்டறைக்காரர் ஒருவர் கணினியைத் தொடுவதில்லை. அவருக்குப் பலகையின் படத்தை வாட்ஸாப்பில் அனுப்புவோம். அவர் குரல்செய்தியில் பதில் சொல்வார். எங்களில் ஒருவர் அதை அவர் சொன்ன சொற்களிலேயே சீட்டாக எழுதி ஒட்டுவார். “மெருகுக்குப் போறதுக்கு முன்னாடியும் ஒரு எடை போடுவோமே, அதை உட்டுட்டீங்களே தம்பி” என்று ஒருமுறை சொன்னார். ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நாங்கள் விட்டிருந்த வெறும் அம்புக்குறி, அவருக்கு ஒரு வேலையாகத் தெரிந்திருக்கிறது. கணினி தெரியாதவர் என்று அவரை ஒதுக்கியிருந்தால் அந்த எடை எங்கள் மென்பொருளில் இடம்பெற்றிருக்காது.

கூட்டம் முடிந்த பின்

கடைசிப் பத்து நிமிடம் புதிய சீட்டு எதுவும் எழுதக் கூடாது. பச்சைச் சீட்டுகளை மட்டும் எடுத்து, வலப்புறம் கடைசியாக இருக்கும் “முடிவுகள்” சட்டகத்தில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்பதைச் சேர்க்க வேண்டும். பிறகு பலகையைப் பார்வைக்கு மட்டும் என்று மாற்றி, பிடிஎஃப் கோப்பாகவும் இறக்கி, தேதியுடன் பெயரிட்டுக் குழுவின் பொதுக் கோப்புறையில் வைக்க வேண்டும். இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம் என்ற அனுமதி திறந்தே கிடந்தால், மாதங்கள் கழித்து யாரோ தவறுதலாக அழித்தாலும் தெரியாது. வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண், அவர்கள் கொடுத்த வெள்ளியின் எடை போன்றவற்றைப் பலகையில் எழுதவே கூடாது. மாதிரிக்கு வேறு எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் பிறகு ஒரு சோதனை இருக்கிறது. கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் பலகையின் இணைப்பை மட்டும் அனுப்பி, என்ன முடிவாயிற்று என்று மூன்று வரியில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், தொலைபேசியில் விளக்கக் கூடாது. தவறு பலகையில் இருக்கிறது, அங்கேதான் திருத்த வேண்டும். எல்லோரும் வந்திருந்த கூட்டம் என்றால் ஒரு வாரம் கழித்து யாராவது ஒருவர் அதே மூன்று வரியை எழுதிப் பார்க்கலாம்.

சென்ற முறை ஏற்காட்டுத் தோழிதான் வர முடியாதவர். மறுநாள் காலை ஏழு மணிக்கு, முடிவுகள் சட்டகத்தைச் சரியாக மூன்று வரியில் எழுதியிருந்தார்; அதன் பக்கத்தில் ஒரு நீலச் சீட்டும் ஒட்டியிருந்தார்: “கேள்வி: மெருகில் குறையும் எடை பட்டறைக்காரர் கணக்கிலா, மெருகுக்காரர் கணக்கிலா?” முந்தின நாள் ஐந்து பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் அதை நாங்கள் கேட்டிருக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கான பலகையில், மேல் இடது மூலையில் அந்தக் கேள்வியை அப்படியே எடுத்து வைத்தேன்.